சிறிய மிடி விசைப்பலகை

சிறிய மிடி விசைப்பலகை என்பது கணினியில் உள்ள இசை மென்பொருளையோ வேறொரு மின்னணு இசைக்கருவியையோ வாசிப்பதற்காக, பியானோவில் உள்ளவை போன்ற கட்டைகளுடன் அமைக்கப்படும், எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கருவி ஆகும். இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் 25 முதல் 37 வரையான கட்டைகளைக் கொண்டிருக்கும். வீட்டில் இசை கற்பவர்கள், பாடல் அமைப்பவர்கள், இசைக்குறிப்புகளைக் கணினியில் எழுதுபவர்கள் ஆகியோர் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இக்கருவி தானாக ஒலி எழுப்புவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விரைவாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது ஆகிய தகவல்களை மட்டுமே அது அனுப்புகிறது. அத்தகவல்களைப் பெற்று ஒலியை உருவாக்குவது மென்பொருள் ஆகும். ஆகவே விலை உயர்ந்த விசைப்பலகையை வாங்கினால் நல்ல ஒலி கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. விரல்களின் அசைவில் எவற்றைக் கருவி உணர்கிறது, உணர்ந்தவற்றை எவ்வாறு அனுப்புகிறது என்பவையே ஒரு மிடி விசைப்பலகையின் தரத்தை முடிவு செய்கின்றன.

பெயர்

மிடி என்பது ஆங்கிலப் பெயர் ஒன்றின் முதலெழுத்துகளால் ஆன சொல். தமிழில் இதனை இசைக்கருவி எண்ணிம இடைமுகம் எனலாம். கணினியில் தட்டெழுதப் பயன்படும் பலகையும் விசைப்பலகை என்றே வழங்குவதால், இசைக்கருவியை மிடி விசைப்பலகை என்று பிரித்துக் கூறுவர். பேச்சு வழக்கில் இது மிடி கீபோர்டு எனப்படுகிறது.

ஆர்மோனியத்திலும் கீபோர்டிலும் விரலால் அழுத்தப்படும் பகுதியைத் தமிழ் இசையுலகம் கட்டை என்று அழைக்கிறது. பாடகர்களின் சுருதியைக் குறிக்கும் ஒரு கட்டை, நாலரைக் கட்டை போன்ற வழக்குகள் ஆர்மோனியக் கட்டைகளின் வரிசையை ஒட்டியவை. சி என்னும் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை ஆகும். டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு எனத் தொடரும். இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கில் கூறப்படும். எடுத்துக்காட்டாக, எஃப்புக்கும் ஜிக்கும் இடையில் உள்ள கறுப்புக் கட்டை நாலரைக் கட்டை ஆகும்.

வரலாறு

1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் மின்னணு இசைக்கருவியை மற்றொரு நிறுவனத்தின் கருவியுடன் இணைப்பது கடினமாக இருந்தது. இதற்குத் தீர்வாகப் பொதுவான இணைப்பு முறை ஒன்றை அமெரிக்காவின் டேவ் சிமித், செட் வுட் ஆகியோர் 1981 ஆம் ஆண்டு முன்மொழிந்தனர். சப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குத்தாரோ கக்கேகாசியும் பிற நிறுவனங்களும் இம்முயற்சியில் இணைந்தனர். 1983 ஆம் ஆண்டு சனவரியில், புரொஃபெட்-600, ஜுபிட்டர்-6 ஆகிய இரண்டு வெவ்வேறு நிறுவனக் கருவிகள் மிடி வழியாக இணைத்து இயக்கிக் காட்டப்பட்டன. இப்பணிக்காகச் சிமித்துக்கும் கக்கேகாசிக்கும் 2013 ஆம் ஆண்டு தொழில்நுட்பக் கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி வந்த பின்னர், ஒலி உருவாக்கும் பகுதியையும் வாசிக்கும் கட்டைகளையும் தனித்தனிக் கருவிகளாகப் பிரிக்க முடிந்தது. 1980களின் நடுப்பகுதியில் வெளிவந்த யமாகா கேஎக்ஸ்88 போன்ற ஒலியற்ற விசைப்பலகைகள் முழு அளவு கொண்டவை, கனமானவை. கணினிகள் போதிய வேகம் பெற்று, மென்பொருளே இசைக்கருவியாகச் செயற்படத் தொடங்கிய பின்னரே சிறிய வகைகளுக்குத் தேவை பெருகியது. யூ.எஸ்.பி வழியாக மிடி செய்திகளை அனுப்புவதற்கான பொது வரையறை 1999 ஆம் ஆண்டு வெளியானது. 25 கட்டைகள் கொண்ட எம்-ஆடியோ ஆக்சிசன் 8 (2002), மடிக்கணினியின் முன் வைக்கத்தக்க கோர்க் நானோகீ (2008) ஆகியவை இவ்வழியில் வந்தவை.

செயற்படும் முறை

ஒவ்வொரு கட்டையின் அடியிலும் பொதுவாக இரண்டு மின்தொடுமுனைகள் உள்ளன. கட்டை கீழிறங்கும்போது முதலில் ஒன்றும், சற்றுப் பின்னர் மற்றொன்றும் இணைகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான கால இடைவெளியைக் கருவி அளக்கிறது. இடைவெளி குறைவாக இருந்தால் விரல் விரைவாக இறங்கியது என்று பொருள். இவ்வேகம் 1 முதல் 127 வரையான ஓர் எண்ணாக மாற்றப்படுகிறது. எனவே கருவி அளப்பது விரலின் வலிமையை அன்று, கட்டை இறங்கும் வேகத்தையே ஆகும்.

ஒரு கட்டை அழுத்தப்பட்டதும் மூன்று எண்கள் அனுப்பப்படும். எடுத்துக்காட்டாக, 144, 60, 100 என்பது, "முதல் தடத்தில், 60 ஆம் சுரத்தை, 100 என்ற வேகத்தில் ஒலிக்கச் செய்" என்று பொருள்படும். 60 என்பது பியானோவின் நடுவில் உள்ள சி ஆகும். மிடியில் மொத்தம் 128 சுர எண்களும் 16 தடங்களும் உள்ளன. வீணையின் ஒலி வேண்டுமா, வயலினின் ஒலி வேண்டுமா என்பது பெறும் மென்பொருளைப் பொறுத்தது.

பழைய ஐந்து முனை மிடி வடம் நொடிக்கு 31,250 பிட்டு வேகத்தில் இயங்குகிறது. அவ்வேகத்திலும் மேற்கண்ட மூன்று எண்கள் சென்றடைய ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரமே ஆகும்.

கட்டைகளின் எண்ணிக்கை

25 கட்டைகள் இரண்டு ஸ்தாயிகளையும், 37 கட்டைகள் மூன்று ஸ்தாயிகளையும், 49 கட்டைகள் நான்கு ஸ்தாயிகளையும், 61 கட்டைகள் ஐந்து ஸ்தாயிகளையும் தரும். முழுமையான பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. சிறிய கருவிகளில் உள்ள ஸ்தாயிப் பொத்தானை அழுத்தினால் முழுப் பலகையும் 12 அரைச்சுரங்கள் மேலோ கீழோ நகரும். ஆகவே 25 கட்டைகளைக் கொண்டே எல்லாச் சுரங்களையும் அடையலாம். ஆனால் அவற்றை ஒரே நேரத்தில் அடைய முடியாது.

கருநாடக இசையில் பெரும்பாலான உருப்படிகள் மந்திர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரையான இரண்டு ஸ்தாயிகளுக்குள் அமைகின்றன. 25 கட்டைக் கருவி பொதுவாகச் சியில் தொடங்கிச் சியில் முடியும். ஒரு கட்டைச் சுருதியில் வாசித்தால், கீழ்க் கோடியில் உள்ள கட்டையே சட்சமம் ஆகிவிடும். அதற்குக் கீழே மந்திர ஸ்தாயிச் சுரங்களுக்கு இடமிராது. மாறாக, நான்கு கட்டையை, அதாவது எஃப்பைச் சட்சமமாகக் கொண்டால், முதல் கட்டை மந்திர பஞ்சமமாகவும் கடைசிக் கட்டை தார பஞ்சமமாகவும் அமையும். தேவையான இரண்டு ஸ்தாயிகளும் பொத்தானைத் தொடாமலே கைக்கு எட்டும்.

வேறு சுருதியில் பாடுபவருக்கு உடன் வாசிக்க, சுருதி மாற்றும் வசதி தேவை. எஃப்பைச் சட்சமமாகக் கொண்டு பழகியவர், ஐந்தரைக் கட்டையில் பாடுபவருக்கு வாசிக்கும்போது மூன்று அரைச்சுரங்கள் கூட்டிக்கொண்டால் போதும். விரல்கள் பழகிய இடங்கள் மாறா. இவ்வசதி சில கருவிகளில் தனிப் பொத்தானாகவும், சிலவற்றில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தும் முறையிலும் உள்ளது.

இரு கைகளாலும் வாசிக்க வேண்டிய மேற்கத்திய இசைக்கு 25 கட்டைகள் போதா. அதற்கு 49 அல்லது 61 கட்டைகள் பொருத்தமானவை.

கட்டைகளின் அளவு

வழக்கமான பியானோவில் ஒரு ஸ்தாயி ஏறத்தாழ 16.5 செ.மீ அகலம் கொண்டது. சிறு கட்டைக் கருவிகளில் இவ்வகலம் குறைவு. கட்டைகளின் நீளமும், அழுத்தும்போது அவை இறங்கும் ஆழமும் குறைவாகவே இருக்கும். ஆழம் குறைந்தால் இரு தொடுமுனைகளுக்கும் இடையிலான தூரமும் குறையும். அதனால் மென்மையாகவும் வன்மையாகவும் மாற்றி வாசிப்பது சற்றுக் கடினமாகிறது.

பியானோ கற்பதையே நோக்கமாகக் கொண்ட மாணவர், சிறு கட்டைகளில் பழகுவது ஏற்றதன்று. ஆசிரியரிடம் செல்லும்போது விரல் இடைவெளிகளை மறுபடியும் பழக நேரும். மெட்டுகளைப் பதிவு செய்வது, தாளம் அமைப்பது, இசைக்குறிப்பு எழுதுவது ஆகியவற்றுக்குச் சிறு கட்டைகள் போதுமானவை. எடுத்துச் செல்லும் வசதியும் முழு அளவும் ஒருங்கே வேண்டுவோர், முழு அளவிலான 25 கட்டைகள் கொண்ட கருவிகளை நாடலாம்.

சுருதி வளைப்பும் கமகமும்

விசைப்பலகையில் ஒரு ஸ்தாயி 12 அரைச்சுரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இவற்றைக் கருநாடக இசையின் 12 சுரத்தானங்களுடன் பொருத்திக் கொள்ளலாம். எனினும் ஒரு கட்டை தரும் சுரம் அசையாது நிற்கும். தோடி போன்ற இராகங்களில் காந்தாரம் அசைந்தே ஒலிக்க வேண்டும். அது அசையாது நின்றால் இராகம் தன் உருவை இழக்கிறது. அகில இந்திய வானொலி 1940 ஆம் ஆண்டு முதல் 1971 ஆம் ஆண்டு வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்கு, அதன் நிலையான சுரங்களும் கமகம் இசைக்க இயலாமையும் காரணங்களாகக் கூறப்பட்டன.

மிடி விசைப்பலகையில் இக்குறையை ஓரளவு ஈடு செய்வது சுருதி வளைப்புச் சக்கரம் ஆகும். வலக்கை கட்டையை அழுத்தியிருக்க, இடக்கை இச்சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தினால் சுரம் அறுபடாமல் வழுக்கிச் செல்லும். இதற்கென மிடி வரையறையில் 16,384 படிகள் உள்ளன. பொதுவாக இது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள் வரை நகரும். இந்த எல்லையை மென்பொருளில் மாற்றிக் கொள்ளலாம்.

இடத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சிறிய கருவிகள் பலவற்றில் சக்கரம் தவிர்க்கப்படுகிறது. அதற்குப் பதிலாகத் தொடு பட்டையோ, விரலால் அசைக்கும் சிறு குச்சியோ, வெறும் பொத்தான்களோ அமைக்கப்படுகின்றன. பொத்தான் வகையில் இடைப்பட்ட நிலைகளை விரலால் நிறுத்திப் பிடிக்க இயலாது. கமகத்துடன் வாசிக்க விரும்புபவர், வேறு எந்த வசதியையும் பார்ப்பதற்கு முன்னர் இதனைப் பார்க்க வேண்டும்.

சுருதி வளைப்புச் செய்தி ஒரு தடம் முழுவதையும் பாதிக்கும் என்பதையும் அறிந்திருத்தல் நல்லது. தம்புரா ஒலியும் மெட்டும் ஒரே தடத்தில் இருந்தால், கமகம் பிடிக்கும்போது தம்புராவும் சேர்ந்து அசையும். எனவே இரண்டையும் வெவ்வேறு தடங்களில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு விரலும் தனித்தனியே சுரத்தை வளைக்கும் வகையில் செய்திகளை அனுப்பும் முறை ஒன்று 2018 ஆம் ஆண்டு மிடி வரையறையில் சேர்க்கப்பட்டது. கட்டைகளே இல்லாத, மென்பரப்பில் விரலை வழுக்கி வாசிக்கும் கன்டினியூம் என்னும் கருவியை, 2009 ஆம் ஆண்டு வெளியான தில்லி-6 திரைப்படத்தின் ஒரு பாடலில் ஏ. ஆர். ரகுமான் வாசித்துள்ளார். இத்தகைய கருவிகள் சிறிய மிடி விசைப்பலகைகளை விடப் பன்மடங்கு விலை உயர்ந்தவை.

பிற உறுப்புகள்

- தட்டுப் பட்டைகள்: இரப்பரால் ஆன சதுரங்கள். தாள ஒலிகளை விரலால் தட்டி வாசிக்கப் பயன்படும்.
- திருகுகள்: ஒலியளவு போன்றவற்றை மாற்றப் பயன்படும். கணினிச் சுட்டியாலும் இவ்வேலையைச் செய்யலாம்.
- மிதி இணைப்பு: காலால் மிதித்துச் சுரத்தை நீட்டிக்க உதவும். மிகச் சிறிய கருவிகள் சிலவற்றில் இது இல்லை.
- பின்னழுத்தம்: அழுத்திய கட்டையை மேலும் அழுத்துவதை உணரும் வசதி. சிறிய கருவிகளில் அரிது.

உறுப்புகள் கூடக் கூட விலையும் கூடும். ஒரே விலையில் கிடைக்கும் இரு கருவிகளில், திருகுகள் மிகுந்ததைக் காட்டிலும் கட்டைகள் நன்கு அமைந்ததே நெடுங்காலம் பயன்படும்.

இணைப்பு

இன்றைய சிறிய கருவிகள் பெரும்பாலும் யூ.எஸ்.பி வடம் வழியாகவே மின்சாரத்தையும் பெற்றுக்கொள்கின்றன. இவற்றுள் 1999 ஆம் ஆண்டின் பொது வரையறையைப் பின்பற்றுபவை, தனி இயக்கி மென்பொருள் எதுவுமின்றி விண்டோசு, மாக், லினக்சு ஆகிய இயங்குதளங்களில் இயங்கும். தனி இயக்கியை நம்பியுள்ள கருவிகள் இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது பயனற்றுப் போகக்கூடும். கட்டைகள் தேயாத நிலையிலும் கருவி வீணாவதற்கு இது ஒரு காரணம். பழைய கருவியை வாங்குபவர்கள் இதனை முதலில் உறுதி செய்து கொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் 6.0 பதிப்பு (2015) முதல் மிடிக்கான ஆதரவு உள்ளது. கைபேசியோ கைக்கணினியோ தரும் மின்சாரம் சில கருவிகளுக்குப் போதாமற் போகலாம். அந்நிலையில் தனி மின்வழங்கி கொண்ட யூ.எஸ்.பி பிரிப்பான் தேவைப்படும்.

யூ.எஸ்.பி மட்டும் உள்ள விசைப்பலகையைக் கணினி இல்லாமல் மற்றொரு மின்னணு இசைக்கருவியுடன் நேரடியாக இணைப்பது பெரும்பாலும் இயலாது. இரண்டுமே கணினியை எதிர்பார்க்கும் துணைக்கருவிகளாக இருப்பதே காரணம். அத்தேவை உள்ளவர்கள் ஐந்து முனை மிடி வெளியீடு கொண்ட கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2020 ஆம் ஆண்டு மிடி 2.0 வரையறை ஏற்கப்பட்டது. இதில் விரல் வேகத்தைக் குறிக்கும் எண்ணின் எல்லை 127 இலிருந்து 65,535 ஆக உயர்ந்துள்ளது. பழைய மிடி கருவிகளும் தொடர்ந்து இயங்கும் வகையில் இது வகுக்கப்பட்டுள்ளதால், அவற்றைக் கைவிட வேண்டியதில்லை.

தாமதம்

கட்டையை அழுத்திய பின் ஒலி காலம் தாழ்த்தி வருவதாகப் புதியவர்கள் பலர் உணர்கின்றனர். இதற்கு விசைப்பலகையைக் குறை கூறி வேறொன்றை வாங்குவோரும் உண்டு. உண்மையில் இத்தாமதம் பெரும்பாலும் கணினியின் ஒலிப் பகுதியில் நிகழ்கிறது. கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாகத் தயாரித்து வெளியிடுகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், ஒரு தொகுதியில் 1,024 மாதிரிகள் இருந்தால் அதற்கு ஏறத்தாழ 23 மில்லிநொடி ஆகும். 256 மாதிரிகள் எனில் ஏறத்தாழ 6 மில்லிநொடி மட்டுமே ஆகும்.

ஒலி காற்றில் 10 மில்லிநொடியில் ஏறத்தாழ 3.4 மீட்டர் செல்கிறது. ஆகவே 10 மில்லிநொடித் தாமதம் என்பது ஒலிபெருக்கியிலிருந்து அவ்வளவு தள்ளி அமர்ந்து வாசிப்பதற்கு ஒப்பானது. அது பொதுவாக இடையூறாகத் தோன்றுவதில்லை. தொகுதியின் அளவைக் குறைத்தும், விண்டோசு கணினியில் ஏசியோ எனப்படும் ஒலி இயக்கியைப் பயன்படுத்தியும் தாமதத்தைக் குறைக்கலாம். தொகுதியை மிகவும் குறைத்தால் வேகம் குறைந்த கணினிகளில் ஒலி வெட்டுப்படும். புளூடூத் ஹெட்போன்கள் தாமதத்தைப் பெரிதும் கூட்டுவதால், வாசிக்கும்போது வடம் உள்ளவற்றையே பயன்படுத்த வேண்டும்.

மென்பொருள்

புதிய கருவிகள் பலவற்றுடன் இசை மென்பொருளுக்கான உரிமக் குறியீடும் வழங்கப்படுகிறது. பிறர் பயன்படுத்திய கருவியை வாங்கும்போது அக்குறியீடு ஏற்கெனவே செலவழிந்திருக்கலாம். எனினும் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே ஒருவர் தொடங்க முடியும். எல்.எம்.எம்.எசு பாடல் அமைக்கவும், ஆர்டர் ஒலிப்பதிவு செய்யவும், மியூசுகோர் இசைக்குறிப்பு எழுதவும், புளூயிட்சிந்த் பல்வகை இசைக்கருவிகளின் ஒலியைப் பெறவும் உதவுகின்றன.

வி.எம்.பி.கே என்னும் கட்டற்ற மென்பொருள், தட்டெழுதும் பலகையையே மிடி விசைப்பலகையாக மாற்றித் தருகிறது. அதில் விரல் வேகம் பதிவாகாது. ஆயினும் தமக்கு எத்தனை கட்டைகள் தேவை, எந்த மென்பொருள் ஒத்துவரும் என்பவற்றைப் பணம் செலவழிக்கும் முன்னரே மாணவர்கள் இதன் மூலம் அறிந்து கொள்ளலாம்.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

1. ஒரே கட்டையை மிக மெதுவாகவும் மிக விரைவாகவும் அழுத்தி, ஒலியளவு படிப்படியாக மாறுகிறதா எனப் பார்க்க வேண்டும்.
2. எல்லாக் கட்டைகளையும் ஒரே வேகத்தில் வரிசையாக அழுத்தி, ஏதேனும் ஒன்று மட்டும் உரக்கவோ மெலிதாகவோ ஒலிக்கிறதா எனக் கவனிக்க வேண்டும்.
3. கறுப்புக் கட்டைகளின் உட்பகுதியை அழுத்திப் பார்க்க வேண்டும். நீளம் குறைந்த கட்டைகள் அங்கே இறுக்கமாக இருக்கும்.
4. சுருதி வளைப்பை மெதுவாக நகர்த்தி விட்டால், சுரம் தொடங்கிய இடத்துக்கே சரியாகத் திரும்ப வேண்டும்.
5. அருகில் ஒலிவாங்கி வைத்துப் பாடுபவர், கட்டைகள் எழுப்பும் தட்டல் ஓசையையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.
6. யூ.எஸ்.பி வடம் செருகும் துளை தளர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

இச்சோதனைகளுள் எதுவும் ஒலியின் இனிமையைப் பற்றியது அன்று. ஒலியை மென்பொருளில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம். கருவி பதிவு செய்யாமல் விட்ட விரலசைவைப் பின்னர் எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்டுத் தர இயலாது.